முந்திப் பிறந்த இரண்டாம் பாகம்

ஒரு படத்துக்கு யார் வேண்டுமானாலும் இரண்டாம் பாகம் எடுக்கலாம். அதற்குத் தடையே கிடையாது. எடுத்து முடித்ததும் இரண்டாம் பாக ஒப்பீட்டு வாரியத்துக்குக் கொண்டுவந்து, முதல் பாகத்தைவிட அது எவ்வளவு மோசம் என்று முறைப்படி எழுதி வாங்கிக்கொண்டு போனால் போதும்.

வாரியத்தில் மூன்று முத்திரைகள் இருந்தன. 'குறை', 'மிகக் குறை', 'நிகர்'. பத்தொன்பது வருட உழைப்பில் முதல் இரண்டுக்கும் கைப்பிடி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. மூன்றாவது, வாங்கி வந்த எண்ணெய்த்தாளை விட்டு வெளியே தலைகாட்டியதில்லை. 'மேல்' என்று நாலாவதாக ஒரு முத்திரை செய்துவைத்தால் என்ன என்று ஆரம்பத்தில் ஓர் உறுப்பினர் கேட்டாராம். பாவம், உடம்புக்கு முடியவில்லை போலிருக்கிறது என்று மற்றவர்கள் கூடிப் பேசி, அவரை அன்றைக்கே ஓய்வில் அனுப்பிவிட்டார்கள்.

'குறை' வாங்கிய படத்தையும் ஊரெல்லாம் ஓட்டலாம். ஒரே ஒரு நிபந்தனைதான். கடைசியில் ஓடும் பெயர்ப்பட்டியலை வெட்டிவிட வேண்டும். 'தரம் குறைந்த வேலையைச் செய்தவர்களை மக்கள் சீக்கிரம் மறந்துவிட உதவுவது வாரியத்தின் கடமை' என்கிறது பதினான்காம் விதி. நல்லெண்ணத்தில் எழுதப்பட்ட விதி. யார் மனமும் புண்படக் கூடாது என்பதால் பெயரே இல்லாமல் செய்துவிடுகிறார்கள்.

வாரியத்தின் சின்னத் திரையரங்கில் இருபத்தாறு வருடமாகப் படம் ஓட்டிக்கொண்டிருந்தவரை எல்லோரும் ஆபரேட்டர் என்றே கூப்பிட்டார்கள். வாரியம் பிறந்து பத்தொன்பது வருடம்தானே, இவருக்கு எப்படி இருபத்தாறு என்று கேட்கக் கூடாது. கட்டிடம் முன்பு தியேட்டராக இருந்தது. அரசு அதை வாங்கியபோது நாற்காலிகள், மின்விசிறிகளோடு சேர்த்து இவரும் பட்டியலில் வந்துவிட்டார்.

அந்த வாரம் ஒப்பீட்டுக்கு வந்திருந்தது 'இரும்பு வளையம் - 2'. பூமிக்கு மேலே சுற்றும் ஒரு பெரிய வளையம். அதைக் காவல் காக்க வைத்த இயந்திரப் போலீஸ் மொத்தமும் ஒருநாள் மனிதர்களைப் பிடித்து உள்ளே போடுகிறது. வெள்ளி உடுப்பும் தலைக்கவசமும் போட்ட ஓர் ஆள் தனியாகப் போய் அத்தனையையும் உடைக்கிறார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் வந்த முதல் பாகத்திலும் கதை இதுதான். இதில் வளையம் இரண்டு.

ஆபரேட்டருக்கு இந்தப் படத்தில் ஒரு சங்கதி இருந்தது. வெள்ளி உடுப்புக்குள் கதாநாயகிக்குப் பதிலாக விழுந்து எழுந்தது அவருடைய ஒரே மகள். படத்தின் சண்டைக் காட்சிகளை அமைத்ததும் அவள்தான். எட்டு வருடமாக யார் யாருக்காகவோ விழுந்தவளுக்கு, முதல் தடவையாகப் பெயர்ப்பட்டியலில் தனியாக ஒரு வரி. அதற்காகக் கழுத்துப்பட்டை எலும்பு உடைந்து, உள்ளே ஒரு தகடும் ஆறு திருகாணிகளுமாக நாலு மாதம் கிடந்தாள்.

உறவுக்காரர் படம் வந்தால் அதைத் தெரிவிக்க வாரியத்தில் ஒரு படிவம் உண்டு. உறுப்பினர்களுக்கு மட்டும். ஆபரேட்டருக்கு அபிப்பிராயம் என்று எதுவும் இருக்காது என்பது வாரியத்தின் அசைக்க முடியாத நம்பிக்கை.

அபிப்பிராயம் இருந்தது. "விழறதெல்லாம் ஒரு வேலையாம்மா? உனக்கு நடக்கக் கத்துக்குடுத்ததே விழாம இருக்கத்தான்" என்று எட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் விழுந்த ஒரு காட்சியைக்கூட அவர் பார்த்ததில்லை. பார்த்தால் அன்று சாப்பாடு இறங்காது என்று பயம். பெருமையாக இருந்துவிடுமோ என்று அதைவிடப் பெரிய பயம்.

ஒப்பீட்டு நாள் காலை எட்டரைக்கு இரண்டு ஹார்ட் டிஸ்க் பெட்டிகள் மேசைக்கு வந்தன. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு, ஒரே கனம். பெயரைப் பார்த்து யாரும் மயங்கிவிடக் கூடாது என்பதற்காக, படக் கம்பெனி ஒட்டியிருந்த சீட்டுகளைச் செயலாளர் அம்மாள் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட்டார். திரையிலும் ஆரம்ப எழுத்து, கடைசி எழுத்து இரண்டையும் தாண்டித்தான் ஓட்ட வேண்டும். எது எந்தப் பாகம் என்று தெரிய ஆபரேட்டர் ஒட்டும் 'முதல்', 'இரண்டு' என்ற ஒட்டுச்சீட்டுகள் மட்டுமே ஆதாரம். வலப்பக்கம் வைத்தது முதல், இடப்பக்கம் வைத்தது இரண்டு. வலது கட்டைவிரலில் ஒரு சீட்டும் இடது கட்டைவிரலில் ஒரு சீட்டுமாக அவர் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அப்பா, இன்னைக்கு நீதானே ஓட்டுற?"

"பின்னே உங்க சித்தப்பாவா ஓட்டுவான்? சொல்லு."

"நான் விழற சீன்ல சவுண்ட் கொஞ்சம் தூக்கி வைப்பா. விழும்போது சத்தமே இருக்காது, விண்வெளிங்கிறதால. தண்ணி வண்டித் தொட்டி மேல இடிக்கும்போதுதான் சத்தம். அது கேக்கணும்."

"இடிக்கிற சத்தத்த அப்பன் தூக்கி வைக்கணுமாக்கும்."

"ப்ளீஸ்பா. பேரு போயிடக்கூடாதுப்பா."

போனைத் தோளில் இடுக்கியிருந்தார். அது நழுவியது. இரண்டு கையாலும் தாவிப் பிடித்தார். பிடித்ததில் இரண்டு சீட்டும் போன்மேல் ஒட்டிக்கொண்டன. "சரி, சரி, வைக்கிறேன். தைரியமா இரு" என்று சொல்லிக்கொண்டே அவற்றை உரித்து, பெட்டிக்கு ஒன்றாக ஒட்டினார். போனில் அவள் கேட்டதை ஒரு தாளில் குறித்துக்கொண்டதால், வேலையை மிகக் கவனமாகச் செய்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றியது.

பத்து மணிக்கு உறுப்பினர்கள் வந்தார்கள். தலைவர் முப்பது வருடம் கழிவுநீர்த் துறையைக் கட்டி ஆண்டவர். கலையிலும் எங்கே அடைப்பு என்று கண்டுபிடிப்பார் என்ற எதிர்பார்ப்பில் நியமிக்கப்பட்டிருந்தார். அடுத்தவர் பேராசிரியர். கடைசியாக ஒரு படத்தை ரசித்தது பதினாறு வயதில் என்று அவரே பெருமையாகச் சொல்லுவார். செயலாளர் அம்மாள் குறிப்பெடுக்க.

முதல் பாகத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு நிமிடம் எழுந்து நின்று மௌனம். பிறகு மர நாற்காலியில் முதுகு நிமிர்ந்து உட்கார வேண்டும். இரண்டாம் பாகம் எப்போதும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அதற்குச் சாய்வு நாற்காலி, கழுத்துக்குத் தலையணை. நடுநிலை என்றால் வாரியத்தில் இவ்வளவு ஏற்பாடு உண்டு.

'முதல்' என்ற பெட்டி ஓடத் தொடங்கியது. ஆபரேட்டர் வழக்கம்போலத் திரையின் இடது கீழ்மூலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பிம்பம் தெளிவாக இருக்கிறதா என்று தெரிய அந்த மூலை போதும். இருபத்தாறு வருடத்தில் அவர் ஆயிரக்கணக்கான படங்களின் இடது கீழ்மூலைகளைப் பார்த்திருக்கிறார்.

நாற்பதாவது நிமிடத்தில் அரங்கில் சத்தம் செத்துப்போனது. அவர் தலை தானாக நிமிர்ந்தது. வெள்ளி உடுப்பு ஒன்று வளையத்தின் விளிம்பிலிருந்து கையை விட்டது. விழுந்தது, விழுந்துகொண்டே இருந்தது. கீழே இன்னொரு வளையத்தில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்த் தொட்டி வண்டியின்மேல் இடது தோள் முதலில் பட, உருண்டு, விளிம்பில் தொற்றி நின்றது. நின்றதும், படத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், வலது கட்டைவிரலை ஒரு நொடி உயர்த்திக் காட்டியது.

சைக்கிளிலிருந்து விழுந்த ஏழு வயதில், அழுகையை அடக்கிக்கொண்டு, வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்து உயர்த்திய அதே கட்டைவிரல்.

அவர் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. பெட்டி மாறிவிட்டது. ஒரு அமுக்கு அமுக்கி, கண்ணாடிச் சன்னலைத் தட்டி, "ஐயா, தப்பு நடந்துபோச்சு" என்றால் முடிந்தது.

அப்போது கீழேயிருந்து விசும்பல் கேட்டது. தலைவர் அழுதுகொண்டிருந்தார்.

"இதுதான்யா விழறது! இப்படி விழ இனிமே ஒருத்தன் பொறந்து வரணும்!"

"கம்ப்யூட்டரே இல்லாத காலம் சார் அது" என்றார் பேராசிரியர். "எப்படித்தான் எடுத்தாங்களோ! இப்ப உள்ள பசங்க இதப் பாத்து வெக்கப்படணும்."

"ஆபரேட்டர்! இன்னொரு தடவ போடுங்க!"

பத்தொன்பது வருடத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. பொத்தான்மேல் இருந்த விரல் அங்கேயே நின்றது. பிறகு அது நிறுத்துவதற்குப் பதிலாகப் பின்னால் ஓட்டியது. இந்தத் தடவை அவரும் பார்த்தார். மூலையை அல்ல, முழுத் திரையை. சொன்னபடி இடிக்கும் சத்தத்தைத் தூக்கி வைத்தார். தலைவர் கைதட்டினார். மூன்றாவது தடவை யாரும் கேட்கவில்லை, அவராகவே போட்டார்.

மதியம் 'இரண்டு' பெட்டியைப் பார்த்ததும் குட்டு தானாக வெளிப்பட்டுவிடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். அட்டைச் சுவர், வெளுத்த நிறம், இருபத்திரண்டு வருடம் இளைய முகங்கள். கண் இருக்கிற யாருக்கும் தெரியும். அதுவரைக்கும் என் பெண்ணை நாலு பேர் புகழட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? இப்படி வாரியத்தின் கண்பார்வையை நம்பியதில்தான் அவர் கெட்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கணையும்போது, வாசலிலிருந்து வாட்ச்மேன் காலைச் சாய்த்துச் சாய்த்து மேலே ஏறி வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அண்ணே, காலைல வாசல் கேட்ட விட்டு வர முடியல. முதல் பாகம் ஓடிடுச்சாமே?"

அந்தப் பழைய படத்தில் வெள்ளி உடுப்புக்குள் விழுந்தது அவர்தான். வளையத்தின் உச்சியிலிருந்து அட்டைப்பெட்டிக் குவியல்மேல் விழுந்தார். குவியல் கொஞ்சம் தள்ளியிருந்தது. ஒரு கால் இரண்டு விரற்கடை குட்டையாகி, இந்த வேலைக்கு வந்தார். தலைக்கவசம் போட்டு விழுந்ததால் வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை. மருமகன் ஒருமுறை, "மாமா, ஹெல்மெட்டுக்குள்ள நான்கூடத்தான் இருந்தேன்" என்று பந்தியில் வைத்துச் சொல்லிவிட்டான். பட்டியலில் கடைசிக்கு முந்தின வரியில் அவர் பெயர் இருந்தது. உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே சாட்சி அதுதான்.

 "இங்கேயே நில்லு" என்றார் ஆபரேட்டர்.

பழைய படம், 'இரண்டு' என்ற சீட்டோடு, ஓடியது. உறுப்பினர்கள் சாய்ந்து உட்கார்ந்து, தலையணையைச் சரிசெய்துகொண்டார்கள்.

"அட்டைச் சுவரு! பாத்தீங்களா சார்?" என்றார் பேராசிரியர். "பழசு மாதிரி போலி பண்றாங்க. இதுதான் இப்ப நாகரிகம்."

"ஆளு முகமெல்லாம் எளசா இருக்கே?"

"வயசக் குறைச்சுக் காட்ட மிஷின் வந்துடுச்சு சார். எல்லாம் பொய்."

வாட்ச்மேன் ஆபரேட்டரைத் திரும்பிப் பார்த்தார். ஆபரேட்டர் இடது கீழ்மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வளையத்தின் உச்சியில் வெள்ளி உடுப்பு வந்து நின்றது. கையை விரித்தது. விழுந்தது. கீழே சிரிப்பு எழுந்தது.

"மாவு மூட்டைய மாடியிலேருந்து தள்ளின மாதிரி இருக்கு!" என்றார் தலைவர். "காலைல பாத்த விழுதல் என்ன, இது என்ன! இவனுக்கெல்லாம் யாரு விழச் சொல்லிக்குடுத்தது?"

வாட்ச்மேன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். அதற்குமேல் பார்க்கவில்லை.

அறிக்கை எப்போதும்போல முன்கூட்டியே தட்டச்சாகித் தயாராக இருந்தது. படத்தின் பெயருக்கு மட்டும் ஓர் இடைவெளி. 'முதல் பாகத்தின் உயிர் இதில் இல்லை. முதல் பாகத்தைப் பார்த்தவர் கண்ணீர் விடுவார், இதைப் பார்த்தவரும் விடுவார், காரணம் வேறு.' செயலாளர் அம்மாள் இடைவெளியில் 'இரும்பு வளையம் - 2' என்று நிரப்பினார். தலைவர் 'மிகக் குறை' முத்திரையை ஊதி, அழுத்திக் குத்தினார். பெயர்ப்பட்டியலை மாலை ஐந்து மணிக்குள் வெட்ட உத்தரவு.

மாடிப்படியில் வாட்ச்மேன் ஆபரேட்டரைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே. பொட்டி மாறிப்போச்சு."

"ஆமா."

"எப்பத் தெரியும்?"

ஆபரேட்டர் படிகளை எண்ணுவதுபோலக் கீழே பார்த்தார். அதுவே பதிலாகிவிட்டது.

"காலையிலயே தெரியுமா? அப்புறம் ஏண்ணே மதியம் வரைக்கும் விட்ட?"

"அவள... அழுதாருப்பா. தலைவரு. என் பொண்ணு விழுந்ததப் பாத்து. எட்டு வருஷமா நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல. யாரோ ஒருத்தன் சொல்றான். நிறுத்த மனசு வரல."

வாட்ச்மேன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, குட்டைக் காலுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்தார். "மாவு மூட்டைங்கிறாரு" என்றார். பிறகு, "சரி, அத விடு. இப்ப வெட்டச் சொல்லியிருக்கிறது யாரு பேர? பாப்பா பேர. எட்டு வருஷம் விழுந்த பொண்ணு பேரு. போய்ச் சொல்லிடுண்ணே. வேலை போனாப் போவுது."

"திட்டுவாங்க."

"திட்டட்டும். என்னைத் திட்டினத நான் கேக்கல?"

தலைவரின் அறையில் ஆபரேட்டர் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்பித்தார். சீட்டு, போன், கட்டைவிரல், எல்லாம்.  

பேராசிரியர்தான் முதலில் எழுந்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"ஆக, நான் அழுதது ரெண்டாம் பாகத்தப் பாத்து" என்றார் தலைவர் மெதுவாக.

"ஆமாங்கய்யா."

"சிரிச்சது முதல் பாகத்தப் பாத்து."

"ஆமாங்கய்யா. தப்பு என்னோடது. மன்னிச்சுக்..."

"இருங்க, இருங்க. ஏன் பதறுறீங்க? தப்புன்னு ஒண்ணு நடந்திருந்தா வாரியம் சும்மா விடாது. நடந்ததா இல்லையான்னு முதல்ல பாப்போம்." தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் கழிவுநீர்த் துறையில இருந்தப்ப ஒரு தெரு. வரைபடத்தத் தலைகீழாப் புடிச்சுக் குழாயப் போட்டுட்டாங்க. மேட்டுல வாங்கி பள்ளத்துல விட வேண்டியது, பள்ளத்துல வாங்கி மேட்டுல வந்து நிக்குது. எல்லாரும் பயந்துட்டாங்க. நான் என்ன செஞ்சேன்? குழாயத் தொடவே இல்ல. தெருவோட கதவு நம்பர மாத்தினேன். இன்னைக்கும் அங்க நாப்பத்தஞ்சாம் நம்பர்ல தொடங்கி ஒண்ணுல முடியும். அவார்டு குடுத்தாங்க."

"தண்ணி போச்சுங்களா ஐயா?" என்று ஆபரேட்டர் கேட்டுவிட்டார்.

"அது அடுத்த துறை."

பேராசிரியர் முகத்தில் வெளிச்சம் பரவியது. "சார், முதல் பாகம்னா என்ன? முதல்ல எடுத்ததா? அது வெறும் தேதி. தரத்துல எது முதலோ அதுதான் முதல் பாகம். காலத்தால் பிந்தி வந்த முதல் பாகம்! இதுபத்தி ஒரு கட்டுரை எழுதிடுறேன். நாம எந்தப் பேரையும் பாக்காம, எந்தத் தேதிக்கும் மயங்காம, சுத்தமான ரசனையால மட்டும் கண்டுபிடிச்சிருக்கோம்."

"அதாவது தப்பு சீட்டுல இல்ல" என்றார் தலைவர். "இருபத்திரண்டு வருஷமா ஊருக்குள்ள புழங்குன எண்ணுலதான் தப்பு. அம்மா, எழுதுங்க. இன்று வந்த படம் இனிமே 'இரும்பு வளையம்'. பழசு இனிமே 'இரும்பு வளையம் - 2'. போஸ்டர், பாடப்புத்தகம், எல்லா இடத்துலயும் திருத்தணும்."

செயலாளர் அம்மாள் எழுதினார். "ஐயா, ரெண்டாம் பாகம் முதல் பாகத்துக்கு இருபத்திரண்டு வருஷம் முன்னாடியே வந்திருக்கே. அதுக்கு?"

"முன்கூட்டியே வெளியானதுன்னு போடுங்க."

ஆபரேட்டருக்கு ஒரு மூச்சு நேரம் சந்தோஷம் வந்தது. மகளின் படம் முதல் பாகம். பேர் தப்பித்தது. வேலையும் தப்பித்தது. கும்பிட்டுவிட்டுக் கதவு வரைக்கும் போனவருக்கு, பதினான்காம் விதி பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது.

"ஐயா... அப்போ வெட்டுறது?"

"ரெண்டாம் பாகத்தோட பட்டியல. வழக்கம்போல."

"அதுல நம்ம வாட்ச்மேன் பேரு இருக்குங்க. கேட்ல நிக்கிறாரே, அவரு. மத்தியானம் விழுந்தது அவருதான்."

தலைவர் வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார்; அதற்கென்று அவரிடம் ஒரு முகம் இருந்தது. "அடடா. தினம் எனக்குக் கேட்டத் தொறந்து விடுறவராச்சே. நல்ல மனுஷன். பாருங்க, வாரியம் யாரையும் கட்டாயப்படுத்தாது. 'பெட்டியை நான்தான் மாற்றினேன்'னு எழுதிக் குடுங்க. நாளைக்கே ரெண்டையும் சரியான வரிசையில மறுபடி பாப்போம். இந்தத் தடவையும் நடுநிலையாத்தான் பாப்போம். என்ன முடிவு வரும்னு உங்களுக்கே தெரியும். உங்க பொண்ணு பேரா, அவரு பேரா? எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீங்களே சொல்லுங்க."

மேசையில் இரண்டு தாள் இருந்தது. ஒன்று வெற்றுத்தாள், அவர் குற்றத்தை எழுத. இன்னொன்று வெட்டும் உத்தரவு, அவர் கையெழுத்துக்கு இடம் விட்டு. வெற்றுத்தாளை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு திருகாணி ஞாபகம் வந்தது. குட்டைக் கால் ஞாபகம் வந்தது. இரண்டும் மாறி மாறி வந்து, திருகாணியில் நின்றபோது கை தானாக எழுதிவிட்டது என்று பின்னால் அவர் சொல்லிக்கொள்வதுண்டு. தானாக ஒன்றும் எழுதவில்லை. பேனா மை வரவில்லை என்று உதறி, இரண்டாம் தடவை அழுத்திப் போட்டார்.

பட்டியல் வெட்டும்போது சாட்சிக்கு வாரிய ஊழியர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நாலே முக்காலுக்குச் செயலாளர் அம்மாள் கைப்பையை மாட்டிக்கொண்டிருந்தார். "வேற யாரு இருக்கா? வாட்ச்மேன வரச் சொல்லுங்களேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வாட்ச்மேன் மேலே வந்து, சாட்சித் தாளை வாங்கி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"'இரும்பு வளையம் - 2'ன்னு போட்டிருக்கு. அது பாப்பா படம்ல?"

"நம்பர மாத்திட்டாங்க." ஆபரேட்டர் எல்லாவற்றையும் சொன்னார். கதவு நம்பர் கதையையும் சொன்னார். வெற்றுத்தாளை மட்டும் சொல்லாமல் விட்டார். விட்டுவிட்டு, இரண்டு நிமிடம் கழித்து அதையும் சொன்னார்.

"எழுதிக் குடுத்திருக்கலாம். குடுக்கல. நீ பாப்பாவுக்காகப் பேசினியே, என்னையத் தலைவர்ட்ட அனுப்பினதே நீதானே, நான் வந்து உன் பேர..." பெட்டிமேல் இருந்த சீட்டை நகத்தால் சுரண்டினார். "ஏதாவது சொல்லுப்பா. திட்டு."

வாட்ச்மேன் திட்டவில்லை. வெட்டும் கம்ப்யூட்டரின் திரையில் பட்டியலை ஓட்டச் சொன்னார். நூற்றுக்கணக்கான பெயர்கள் போய், கடைசிக்கு முந்தின வரி வந்தது. நிறுத்தச் சொன்னார். கிட்டப் போய் நின்று பார்த்தார்.

"மருமவன் ஒரு தடவ வந்து பாக்கிறேன்னு சொல்லியிருந்தான். அடுத்த மாசம் லீவுல."

"போன்ல படம் புடிச்சு வச்சுக்க. இப்பவே புடி."

"இதயா? நானே டைப் அடிச்சுக்கிட்டேம்பான். அவன உனக்குத் தெரியாது." வாட்ச்மேன் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, சாட்சி இடத்தில் கையெழுத்துப் போட்டார். நிதானமாக, முழுப் பெயரையும் எழுதினார். "ம். அமுக்கு."

ஆபரேட்டரின் விரல் அசையவில்லை.

"அமுக்குண்ணே. அஞ்சு மணிக்கு நான் கேட்டுல இருக்கணும்."

அமுக்கினார். பெயர்கள் இருந்த இடத்தில் கறுப்புத் திரை வந்தது. இதுதான் மூலப்பிரதி, இங்கே போனால் எல்லாப் பிரதியிலும் போன மாதிரி.

வாட்ச்மேன் எழுந்திருக்கவில்லை. "பாப்பா விழுந்தத நான் இன்னும் பாக்கலையே. போடு."

போட்டார். சத்தத்தைத் தூக்கி வைத்தார். வாட்ச்மேன் திரையில் மூக்கு படுகிற தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். இன்னொரு தடவை கேட்டார். இந்தத் தடவை பாதியில் நிறுத்தச் சொல்லி, விரலால் காட்டினார்.

"இங்க பாரு. தோள அரை நொடி முந்திக் குடுத்துட்டா. எலும்பு போனது இங்கதான். அத மறைச்சு எப்படி உருண்டிருக்கா பாத்தியா? எலும்பு போனப்புறம் உருண்டிருக்காண்ணே." குரல் சட்டென்று இறங்கியது. "நான் உருளல. நான் அப்படியே கிடந்தேன்."

"உன்னோடது அட்டைப்பெட்டி தள்ளியிருந்துச்சு."

"தள்ளிதான் இருந்துச்சு. ஆனாலும் நல்லாத்தான் விழுந்தேன். மூட்டை இல்ல அது." கொஞ்சம் யோசித்தார். "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, என்னோடதுக்கு இவளோடது குறைச்சல் இல்ல. உருண்டதுக்கு ஒரு மார்க் கூடத்தான் போடணும். நானே சொல்றேன்."

பத்தொன்பது வருடத்தில் அந்தக் கட்டிடத்துக்குள் இரண்டு பாகத்தையும் ஒழுங்காகப் பார்த்து, ஒப்பிட்டு, ஒருவர் முடிவு சொன்னது அதுதான் முதல் தடவை. செயலாளர் அம்மாள் வீட்டுக்குப் போய்விட்டதால் அது குறிப்பில் ஏறவில்லை.

போன் அடித்தது. மகள். எடுத்ததுமே கத்தினாள்.

"அப்பா! முடிவு போட்டுட்டாங்க! நாமதான் முதல் பாகமாம்! இங்க எல்லாரும் தலைகால் புரியாம குதிக்கிறாங்க. என்னப்பா நடந்துச்சு அங்க? நீ பாத்தியா? நான் விழுந்தத நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"எப்படிப்பா இருந்துச்சு?"

எட்டு வருடமாக அவள் கேட்காமல் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. நன்றாக இருந்தது என்று சொல்ல அவருக்கு இத்தனை நாள் வாய் வரவில்லை. இன்றைக்கு வாய் வந்தது. ஆனால் எதிரே ஒரு மனிதர் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆபரேட்டர் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். சீட்டில் தொடங்கினார். பொத்தானைச் சொன்னார், மூன்று தடவை போட்டதைச் சொன்னார், கையெழுத்தைச் சொன்னார். யார் பெயர் போனது என்று சொன்னதும் அந்தப் பக்கம் கூச்சல் அடங்கியது. 

"அப்பா, அவர் பக்கத்துல இருக்காரா? போன அவர்ட்ட குடு."

கொடுத்தார். கொடுத்துவிட்டு, நாற்காலி இருந்தும் உட்காரத் தோன்றாமல், இயந்திரத்தின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றார். வாட்ச்மேன் போனைக் காதில் வைத்து, "ம்" கொட்டிக்கொண்டே இருந்தார். அவள் என்ன சொல்கிறாள் என்று இவருக்குக் கேட்கவில்லை.

"சேச்சே, அதெல்லாம் வேணாம்மா" என்றார் வாட்ச்மேன். "உன் வரியில என் பேரு எதுக்கு? உன் பேரே இருக்கட்டும்... ம்... தோள் எப்படி இருக்கு? மழைக்கு வலிக்குமே?... ஆமா, எனக்கும்தான்."

பிறகு ஆபரேட்டரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, போனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இல்லம்மா, நான் ஏன் அழறேன்? இந்தச் சத்தம் உங்கப்பாவோடதும்மா."